ஏழாவது பெட்டிக்கு அக்கா பெயர்

யோகராஜ் ஒயரை முதலில் நாக்கில்தான் வைப்பார். மீட்டர் தோள்பையில் சும்மா கிடக்கும். சிவப்பு, கருப்பு இரண்டு இழைகளின் முனையையும் பல்லால் சீவி, நுனிநாக்கில் ஒரு தொடு தொட்டுவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். "வருது. ஆனா சவசவன்னு வருது. கீழ எங்கிட்டோ கரண்டு கசியுது" என்பார். பிறகுதான் மீட்டர் வெளியே வரும். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் அது பத்தைக் காட்டினால், மீட்டரும் தன் கட்சிக்கு வந்துவிட்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நாக்கு சொன்னது தப்பாகப் போகும் நாளும் உண்டு. அன்றைக்கு மீட்டரில் பேட்டரி சரியில்லை என்று சொல்லிவிடுவார். வீட்டில் அவரைக் குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்வதில்லை.

சிலமலைக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது, ஒட்டிய வயிறு, முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த தழும்புகள். தோளில் தொங்குவது மகள் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்த பை. பூனைப் படம் போட்டது. மகள் மதுரையில் கல்லூரிக்குப் போய்விட்டாள், பூனை மட்டும் மலையேறிக்கொண்டிருக்கிறது. ஏற்றம் தொடங்கியதும் செருப்பைக் கழற்றிப் பையின் வாரில் மாட்டிக்கொள்வார். கேட்டால், "வழுக்குனா விரலு பிடிக்கும். செருப்பா பிடிக்கும்?" என்பார்.

அவர் பார்க்கும் சோலியை ஜீப்பில் யாராவது விசாரித்துவிட்டால் போடிமெட்டு வரும்வரை நிறுத்த மாட்டார். விசாரிக்காவிட்டாலும் சொல்வார். ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவுகளில் அங்கங்கே ஒரு இரும்புக் குழாயை ஊன்றி அதன் தலையில் ஒரு பெட்டி வைக்கிறார்கள். மண் எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது, மழை எவ்வளவு பெய்தது என்பதையெல்லாம் அந்தப் பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். குறித்ததைக் கீழே கொண்டுவர வேண்டுமே. செல்போன் வீடுகள் இருக்கிற இடத்தில்தான் எடுக்கும், காட்டுக்குள் எடுக்காது. நிழல் மரத்தடியில், அதுவும் ஆடி மாச மூடுபனியில், சோலாருக்கு வெயில் ஏது? ஆகவே ஒயர். உள்ளே நாலு இழை ஓடுகிற ஒரே ஒயர். இரண்டு இழையில் கரண்டு மேலே போகும், இரண்டு இழையில் பேச்சு கீழே வரும். காய் உலர்த்தும் ஸ்டோரில் இருக்கிற தாய்ப்பெட்டி ஒவ்வொரு பெட்டியாக நம்பர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட பெட்டி மட்டும் பதில் சொல்லும்.

"பந்தியில எல்லாரும் ஒண்ணாச் சாம்பார் கேட்டா எவன் எலையிலயும் ஊத்த முடியாதுல்ல? அதான் கணக்கு. பேரு கூப்பிட்டவன் மட்டும் வாயத் தொறக்கணும். மத்தவன் கம்முன்னு உக்காரணும்" என்று விளக்குவார். எதிரே இருக்கிறவர்கள் அவர் எப்போது கம்மென்று உட்காருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வேலைக்கு வருமுன் போடியில் வீடு வீடாக டிவி கேபிள் இழுத்தவர். மொட்டைமாடிகள் அத்தனையும் மனப்பாடம். டிவிக்கு எங்கே வேண்டுமானாலும் தாய் ஒயரில் இருந்து கிளை பிரிக்கலாம். அந்தப் பழக்கத்தில், முதலில் கிடைத்த தோட்டத்தில் மரத்துக்கு மரம் கிளை பிரித்துப் பெட்டிகளைத் தொங்கவிட்டார். ஒரு பெட்டி பேசியது இன்னொன்றின் வாயில் போய் விழுந்து எல்லாம் ஒரே கூச்சலானது. பெட்டிகளை வாங்கி விற்கும் போடிக்கார ஆரிப் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இது கோர்த்துக்கிட்டே போகணும். ஒண்ணுல இருந்து அடுத்தது, அதுல இருந்து அடுத்தது. கடைசிப் பொட்டியோட முடிச்சுரணும்" என்றார். யோகராஜ் மறுபேச்சு பேசாமல் அத்தனை ஒயரையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். அந்தக் கதையை இன்றைக்கு அவரே சொல்வார். சொல்லும்போது ஆரிப் சிரித்ததை மட்டும் விட்டுவிடுவார்.

நம்பர் அவர் வாயில் நிற்காது. பெட்டிகளுக்குத் தன் சொந்தபந்தங்களின் பெயரை வைத்திருக்கிறார். கூப்பிட்டு முடிக்குமுன் பதில் சொல்லும் ஒன்றாம் நம்பருக்கு மாமனார் மொக்கையன் பெயர். மழை வந்தாலே மக்கர் பண்ணும் மூன்றாம் நம்பர் சின்ன மச்சான். உச்சியில் இருக்கிற ஏழாம் நம்பர் ஆயம்மா. அது அவருடைய உடன்பிறந்த அக்காவின் பெயர். "கூப்பிட்டதும் வராது. நின்னு நிதானிச்சுத்தான் பதில் சொல்லும். ஆனா பொய் சொல்லாது" என்பார்.

இரண்டு விஷயங்களில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஒன்று, மரத்துக்கு மரம் ஒயரை விறைப்பாக இழுத்துக் கட்ட மாட்டார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மூன்று சுற்றுத் தொங்கவிட்டு, அதற்கப்புறம்தான் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார். ஒயர் வீணாகிறது என்று தோட்டத்துக்காரர்கள் முணுமுணுப்பார்கள். "மண்ணு நகந்தா ஒயரும் கூடவே போகணும். இழுத்துக் கட்டுனா அறுந்துரும்" என்று ஒரே பதில். இன்னொன்று, மொட்டை முனை. தோல் உரித்த ஒயர் முனை ஒன்று டேப் சுற்றாமல் கிடந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பிட இலை போட்ட பிறகு எழுந்துபோய், சீரியல் செட்டின் இணைப்பு ஒன்றுக்கு டேப் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பொண்ணு மாப்ளையப் பாக்க மாட்டாரு. அண்ணாந்து ஒயரைத்தான் பாப்பாரு" என்பது மனைவி வீரலட்சுமியின் புகார்.

போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, ஜீப் பாதையின் முடிவில் இருக்கிற தோட்டம் அவருக்கு மற்றத் தோட்டங்களைப் போல் அல்ல. அங்கேதான் அக்கா ஆயம்மாள் காய் எடுக்கிறார். அக்கா வீட்டுக்காரர் காசிமாயன் நிழல் மரங்களில் ஏறிக் கொப்புக் கழிக்கிறார். தொழிலாளர் வீடுகளை மலையில் லயம் என்பார்கள். அந்த லயம் ஒரு செங்குத்துச் சரிவின் காலடியில் இருக்கிறது. ஸ்டோர் ஓடைக்கு அந்தப் பக்கம், பாறை மேட்டில். ஒரு மழைக்காலத்தில் சரிவின் ஓரத்தில் மண் இறங்கி மாட்டுக் கொட்டகையை மூடியது. மாடுகள் மேயப் போயிருந்ததால் தப்பின. அதற்குப் பிறகுதான் முதலாளி பெட்டிகள் வைக்கச் சம்மதித்தார்.

ஈரம் குறித்துவைத்த ஒரு கோட்டைத் தாண்டினால் ஸ்டோரில் இருக்கிற கரண்டுச் சங்கு தானாக ஊதும். ஊதினால் லயத்தில் ஒரு ஆள் இருக்கக் கூடாது, எல்லாரும் ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும். இதுதான் முதலில் பேசிய ஏற்பாடு. யோகராஜ் அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்தார். ஒரு பெட்டி பேசாமல் போனாலும் சங்கு ஊத வேண்டும். "ஈரம்னு சொல்ற பொட்டியாவது உசுரோட இருக்கு. பேசாத பொட்டிக்கு என்னாச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அப்படியே முடிவானது.

வினை அங்கேதான் வந்தது. முள்ளம்பன்றி ஒயரைக் கடித்தது, சங்கு ஊதியது. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியது, சங்கு ஊதியது. காட்டுப்பன்றி குழாயில் முதுகு தேய்த்தது, அதற்கும் ஊதியது. ஒவ்வொரு தரமும் ஜனங்கள் சட்டி பானையோடு ஓடையைத் தாண்டிப் போய் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தார்கள். காய் எடுக்கிற பருவத்தில் அரை நாள் சும்மா உட்கார யாருக்குப் பிடிக்கும்? அதிகம் பேசியது ஆயம்மாள். அவர் குரல் சாதாரணமாகவே ஓடை தாண்டிக் கேட்கும். "தம்பி, ஒன் பொட்டிக்கு வாய் கோணுனா நான் எதுக்குடா சோத்துப்பானையத் தூக்கிட்டு ஓடணும்? இனி ஊதட்டும், நான் எந்திரிக்க மாட்டேன்" என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார். யோகராஜுக்கு அது சுருக்கென்று தைத்தது. அக்கா எழுந்திருக்காவிட்டால் லயத்தில் பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதன் பிறகு அந்த லைன் ஒரு நாள்கூடப் பொய்யாக வாயடைத்துவிடக் கூடாது என்று, யாரும் கூப்பிடாமலே வாரத்துக்கு ஒரு தரம் மலையேறினார்.

போன ஆடியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு காலை, சிலமலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தோட்டத்து சூப்பர்வைசர் பிரபு கூப்பிட்டார். பிரபு எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வளர்ந்தவர், நிதானமான ஆள்.

"யோகராஜண்ணே, ஏழு பேசலை. மத்த ஆறும் நல்லாத்தான் இருக்கு. ஈரமும் கோட்டுக்குக் கீழதான்."

"சங்கு ஊதுச்சா? ஆளுக வந்துருச்சா?"

"பாதி வந்துருச்சு. அக்கா வரலை. அக்கா வரலைன்னு மத்ததும் நிக்குது."

யோகராஜ் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் அக்காவுக்குப் போன் போட்டார். ஆயம்மாள் எடுத்ததும் வைய ஆரம்பித்தார். வைது முடிக்கட்டும் என்று காத்திருந்து, "அக்கா, நான் ஜீப்புல ஏறிட்டேன். நான் வந்து பாக்குற வரைக்கும் ஸ்டோர்ல உக்காரு. எனக்காக வேணாம், மாமாவுக்குக் கஞ்சி ஊத்தவாவது வந்து உக்காரு" என்றார். ஜீப்பில் ஏறியது பொய். அதற்குப் பிறகுதான் சட்டையைத் தேடினார்.

அவர் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். உலர்கிற காயின் வாசனையும் ஈரத்துணி வாடையும் கலந்து கிடந்தது. ஆயம்மாள் ஒரு கையில் சோற்றுப்பானையும் இன்னொரு கையிடுக்கில் பெட்டைக்கோழியுமாக வாசலிலேயே நின்றார்.

"இதுதான் கடைசி. சொல்லிப்புட்டேன்" என்றார்.

"சரிக்கா. வெரசாப் பாத்துட்டு வர்றேன்."

காசிமாயனும் கூட ஏறினார். வழக்கமாக ஏற்றத்தில் மழையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் பேசிக்கொண்டே வருகிறவர், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஆறாம் பெட்டியைத் தாண்டியதும் காரணம் தெரிந்தது. நிழல் மரத்துக் கொப்பு ஒன்று முறிந்து ஒயரின் மேல் விழுந்திருந்தது. பக்கத்தில் ஒயரின் ஒரு இணைப்பு, பாலிதீன் பையில் சுற்றி, வாழைநாரால் கட்டி, மழை படாமல் ஏலச்செடித் தூரில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. யோகராஜ் வாழைநாரால் கட்டுகிறவர் அல்ல.

"விடியக்காலம் இங்கிட்டு வந்தேன் மாப்ளே. பிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இதுக்காக நீ அம்புட்டுத் தூரத்துல இருந்து ஏறி வரணுமேன்னு நானே முடிஞ்சுட்டேன்" என்றார் காசிமாயன். "நாலு இழையையும் நாலோட சேத்துட்டேன். எதையும் விடல."

யோகராஜ் நாரை அவிழ்த்துப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு சுருள் ஒயர் முடிந்து வேறு சுருள் தொடங்கியிருந்தது. கீழ்ப்பக்கத்தில் பேச்சு இழைகள் பச்சையும் வெள்ளையும், மேல்பக்கத்தில் நீலமும் மஞ்சளும். பச்சையோடு மஞ்சளைச் சேர்த்து வைத்திருந்தவர் யோகராஜ். காசிமாயன் கருத்த நிறத்தைக் கருத்த நிறத்தோடும் வெளுத்ததை வெளுத்ததோடும் சேர்த்திருந்தார்.

"வீட்டு லைட்டுக்கு எப்படி மாத்திக் கொடுத்தாலும் எரியுதே மாப்ளே."

"லைட்டு எரியும் மாமா. இது பேசாது. தலைமாடு கால்மாடு மாறிப்போச்சு" என்றார் யோகராஜ். கோபம் வந்தது. ஆனால் நிறம் மாறுகிற இடத்தில் ஒரு அடையாளம்கூடக் கட்டாமல் போனது யார் என்று நினைத்ததும் அது வந்த வழியே போய்விட்டது. இழைகளை மாற்றி முறுக்கி, டேப் சுற்றினார். "நீங்க போயிச் சொல்லுங்க, லைன் சரியாப்போச்சுன்னு. யாரு முடிஞ்சதுன்னு சொல்ல வேணாம்." காசிமாயன் விட்டால் போதும் என்று இறங்கினார்.

ஏழாம் பெட்டிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அந்தச் சரிவில் அதன் தலையில் நின்றால் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கும். பிரபுவிடம் கேட்டுவிடலாம் என்று யோகராஜ் அதை நோக்கி ஏறினார். வழியில் பெட்டியைக் கடந்தவர் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

கடைசி மரத்தில் அவர் தொங்கவிட்டிருந்த மூன்று சுற்று இல்லை. மரத்தில் இருந்து பெட்டிக் குழாய்வரை ஒயர் துணி உலர்த்தும் கொடிபோல விறைத்து நின்றது. போன வாரம் அந்தச் சுற்றுகளைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். குனிந்து தரையைப் பார்த்தார். சருகும் தண்ணீரும்தான் தெரிந்தன. பன்றிக் காலடி இருந்திருந்தாலும் மழை கழுவியிருக்கும். மரத்தையும் குழாயையும் நாலு தரம் சுற்றி வந்து பார்த்தார். பாறைமேல் ஏறிப் போன் போட்டார்.

"வந்துருச்சுண்ணே, ஏழு வந்துருச்சு" என்றார் பிரபு. "ஈரமும் கோட்டுக்குக் கீழதான். ஆளுக மூட்டை கட்டிருச்சு. போதும்ண்ணே, நீங்க எறங்கி வாங்க."

"போக விடாத பிரபு. மேல கடைசிச் சுத்து இறுகிக் கெடக்கு. மரம் ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம்னு போன மாதிரி இருக்கு."

"கொப்பு விழுந்துச்சுன்னு காசிமாயண்ணன் சொன்னாரே. அந்த இழுப்புல இறுகியிருக்கும்."

"மரத்துல கட்டுப் போட்டிருக்கேன். இழுப்பு அதுக்கு அங்கிட்டுப் போகாது." சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தார். "போயிருக்கவும் செய்யலாம். எனக்குத் தெரியல."

"அண்ணே, நான் எதச் சொல்லி நிறுத்துறது? பேசலைன்னா சங்கு இருக்கு, நிறுத்தலாம். நல்லாப் பேசுதே. ஒயரு இறுகிருச்சுன்னு சொன்னா ஒங்க அக்கா என்னைய உரிச்சுருவாங்க. அந்தா, அவங்கதான் மொதல்ல எறங்குறாங்க."

யோகராஜ் போனைப் பைக்குள் போட்டார். மண் நகர்ந்திருந்தால் லயத்தில் யாரும் இருக்கக் கூடாது. நகராமல், தான்தான் பயந்திருந்தால், இனி அந்தச் சங்குக்கு ஒரு குழந்தைகூட எழுந்திருக்காது; அவருடைய லைனைப் போடியில் இருந்து மெட்டு வரைக்கும் ஜீப்புக்கு ஜீப் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு வருஷமாக யாரும் கேட்காமல் ஏறி இறங்கியதெல்லாம் வீண். இரண்டும் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. பாறையில் இருந்து வேகமாக இறங்கினார். கால் வழுக்கி, விரல் பிடித்தது.

பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. தாய்ப்பெட்டி கூப்பிடக் கூப்பிட, ஆயம்மா நின்று நிதானித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. யோகராஜ் திருப்புளியை எடுத்தார். நீல இழையின் திருகைத் தளர்த்தி, இழையை உருவி வெளியே எடுத்தார்.

மூடுபனியில் கீழே எதுவும் தெரியவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சங்கு ஊதுவதற்குள் அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது. பிறகு அது எழுந்தது. அதற்கும் மேலாக ஒரு குரல், அவர் பெயரையும் அவர் பெட்டிகளையும் சேர்த்து வைதுகொண்டு வந்தது. யோகராஜ் காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். முதலில் லயத்துப் பாதையில் இருந்து வந்தது. பிறகு ஓடைக்கருகில். வசவு குறையவில்லை, இடம்தான் மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஓடைக்கு அந்தப் பக்கம், ஸ்டோர் மேட்டில் இருந்து கேட்டது.

யோகராஜ் பூனைப் படப் பையைத் திறந்து டேப்பை எடுத்தார். உருவிய இழையின் மொட்டை முனையை உள்ளங்கைக்குள் மழைக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, அது தானாகப் போய் எதிலும் ஒட்டிவிடாதபடி, சுற்றின்மேல் சுற்றாக இறுகச் சுற்றினார்.